பழைய மெஷின் ஏன் அப்படி மணக்கிறது?

இரும்புக்கு வாசனை கிடையாது. பாட்டியின் தையல் மெஷின் மூடியைத் திறந்தாலும், பரணில் கிடந்த ஏர் கன்னை எடுத்து மடக்கினாலும், குன்னூர் ஸ்டேஷனில் நீராவி இன்ஜின் பக்கத்தில் போய் நின்றாலும், ஆஹா இரும்பு வாசனை என்றுதான் நாம் சொல்லுவோம். ஆனால் ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பி, காற்றில் மிதந்து, மூக்குக்குள் வந்து சேர வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் வெப்பத்தில் இரும்பிலிருந்து அப்படி எதுவும் கிளம்பாது. அப்படியானால் மூக்குக்கு வந்தது எது?

இதற்கு விடை தெரிந்துகொண்டால், பழைய மெஷின் ஒன்றின் பக்கத்தில் போனதுமே அதற்கு என்ன எண்ணெய் விட்டார்கள், எந்த மாதிரி இடத்தில் வைத்திருந்தார்கள், உள்ளே எது கெட்டுப்போயிருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். இதைக் கற்றுக்கொள்ள நீலகிரியைவிட நல்ல இடம் அதிகம் இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகள், மலை ரயில், தைலம் காய்ச்சும் கொட்டகைகள், தலைமுறை தாண்டிய தையல் கடைகள் எல்லாம் ஒரே மலையில் இருக்கின்றன.

முதலில் நம் கை

பழைய ஸ்பேனர் ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவையுங்கள். சுத்தமான துணியால் பிடித்து மோந்து பாருங்கள். அநேகமாக ஒன்றும் தெரியாது. அதையே வெறுங்கையில் கொஞ்ச நேரம் இறுகப் பிடித்திருந்துவிட்டு, இப்போது உள்ளங்கையை மோந்து பாருங்கள். பூங்காவில் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து ஆடிவிட்டு வந்த குழந்தையின் கையில் வரும் அதே வாசனை வந்திருக்கும்.

டீட்மர் கிளிண்டமன், ஆண்ட்ரியா டீட்ரிச் முதலிய வேதியியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. கையின் வியர்வை இரும்பைத் துளியளவு அரிக்கிறது. அப்படிக் கரைந்து வரும் இரும்பு, நம் தோலில் இருக்கும் கொழுப்போடு வினை புரிகிறது. அந்தக் கொழுப்பில் காற்று பட்டு ஏற்கெனவே பாதி கெட்டுப்போன பகுதிகள் உண்டு; இரும்பு அவற்றை உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டுகள்தான் ஆவியாகி மூக்குக்கு வருகின்றன. அவற்றில் முக்கியமானதற்கு 1-ஆக்டென்-3-ஓன் என்று பெயர். இதை மிக மிகச் சிறிய அளவிலேயே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதாவது இரும்பு வாசனை என்று நாம் சொல்வது மனிதத் தோலின் வாசனை. இரும்பு அதைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொரு விஷயம். அந்த 1-ஆக்டென்-3-ஓன் தனியாக மணந்தால் காளான் போல இருக்கும். காளானும் பூஞ்சையும் வெளியிடுகிற 1-ஆக்டென்-3-ஆல் இதற்கு மிக நெருங்கிய உறவு. இரண்டுமே எட்டு கார்பன் அணு கொண்டவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அலமாரியைத் திறந்தால் வரும் பூசண வாடையும், உள்ளே வைத்திருந்த பழைய சுத்தியலைத் தொட்ட கையின் வாசனையும் ஒன்றோடொன்று கலந்து ஒரே வாசனை போலத் தோன்றுவது இதனால்தான். மலை வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பழைய இரும்பென்றாலே மழைக்காலமும் சேர்ந்து வரும்.

எண்ணெய்தான் பெரிய ஆள்

கையின் பங்கு சிறியது. மெஷினின் வாசனையில் பெரும் பங்கு எண்ணெயுடையது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல, புதிய தையல் மெஷின் எண்ணெயைக் கையில் ஊற்றி மோந்து பாருங்கள். ஏறத்தாழ மணமே இருக்காது. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து நன்றாகச் சுத்திகரித்தது அது. மூலக்கூறுகள் பெரியவை, கனமானவை, எளிதில் ஆவியாகா. ஆவியாகாதது மணக்காது.

பிறகு மணப்பது எது? மூன்று வழிகளில் வருகிறது. எண்ணெயில் கலந்திருக்கும் மருந்துப் பொருட்கள் ஒன்று. கியர் ஆயிலைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் கந்தக வாடை அப்படிப்பட்டது. பல்லும் பல்லும் அழுந்தும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடாமல் இருக்கக் கந்தகச் சேர்மங்களைச் சேர்ப்பார்கள். இரண்டாவது, சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போன்ற இலேசான எண்ணெய்கள் எதையாவது விட்டிருந்தால் அதன் மிச்சம். மூன்றாவதுதான் நாம் ஏங்கிப் போகும் அந்தப் பழைய வாசனை. எண்ணெய் வருஷக் கணக்கில் காற்றோடும் உலோகத்தோடும் ஒட்டிக் கிடக்கும்போது ஆக்சிஜன் அதன் பெரிய மூலக்கூறுகளை மெல்ல உடைக்கிறது. ஆல்டிஹைடுகள், கீட்டோன்கள், அமிலங்கள் என்று சின்னச் சின்னத் துண்டுகள் உண்டாகின்றன. சின்னது என்பதால் ஆவியாகும், ஆவியாவதால் மணக்கும். செம்பும் இரும்பும் இந்த வினையை வேகப்படுத்தும். ஆகவே ஒரே டின்னிலிருந்து ஊற்றிய எண்ணெய் கண்ணாடிப் புட்டியில் ஒரு மாதிரியும் மெஷினுக்குள் வேறு மாதிரியும் முதிர்கிறது.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு. சுண்ணாம்பு அல்லது லித்தியம் சேர்த்துச் செய்த சோப்புக்குள் எண்ணெய் தங்கியிருக்கும். பழைய கிரீஸில் ஒரு மந்தமான, மெழுகும் கொழுப்பும் கலந்த வாடை வருவது அந்தக் கொழுப்பு அமிலங்களால்தான்.

நம் ஊர் வீடுகளில் நடக்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். சமவெளியில் கொஞ்ச நாள் ஓடும். ஊட்டியில் ஓடாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். ஊட்டியில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் புட்டியிலேயே வெள்ளைக் கட்டியாகத்தான் நிற்கும். மெஷினுக்குள்ளும் அப்படியே நிற்கும். அதோடு ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் அந்த எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலங்களாகிக் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும். பழைய மெஷினின் தலையைச் சாய்த்ததும் சோப்பும் காறலும் கலந்த வாடை வந்தால், யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லலாம். கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த கல்லெண்ணெய் வகையென்றால் வாடை வறண்டதாக, சற்றே இனிப்பாக இருக்கும். நல்லெண்ணெய் விட்டிருந்தால் பிசின் மாதிரி காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கும்; மண்ணெண்ணெய் போட்டு ஊறவைக்காமல் எதுவும் அசையாது.

ஏர் கன்னைப் பிரித்துப் பார்ப்போம்

வாசனையைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஏர் கன்னைப் போல இன்னொரு பொருள் இல்லை என்பது என் அபிப்பிராயம். மரம், தோல், எண்ணெய், எஃகு, ஈயம் ஐந்தும் ஒரு கை நீளத்துக்குள் இருக்கின்றன. திருவிழாவிலோ பொருட்காட்சியிலோ பலூன் சுடும் கடையில் அதைத் தோளில் சாய்த்திருப்பீர்கள். கட்டையில் கன்னம் வைத்தால்தான் குறி பார்க்க முடியும் என்பதால், மூக்கு நேராக அதன்மேலேயே போய் உட்கார்ந்துவிடும். வேறெந்த மெஷினையும் நாம் அவ்வளவு நெருக்கமாக வைத்து மூச்சு விடுவதில்லை.

உலகம் முழுக்கப் பழைய ஏர் கன் பிரியர்கள் பெயர் சொல்லிப் பேசுபவை சில உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905 முதல் செய்த ரைஃபிள்கள், ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் 1890-ல் தொடங்கிய நிறுவனம் டயானா என்ற பெயரில் விற்றவை. பலூன் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் அதே அமைப்பைப் பின்பற்றி இந்தியாவில் செய்தவை. உள்ளே இருக்கும் வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். குழாயையோ, சிலவற்றில் அதற்கு அடியிலுள்ள நெம்புகோலையோ மடக்கும்போது கனமான ஸ்பிரிங் ஒன்று அழுந்திக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை நெருக்கும். நெருங்கிய காற்று ஒரு சின்னத் துளை வழியாகப் பாய்ந்து 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை வெளியே தள்ளும். வெடிமருந்து இதில் எங்குமே கிடையாது. குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் 1903-ல் அமைந்த கார்டைட் என்ற வெடிமருந்துத் தொழிற்சாலை செய்யும் சரக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் சுட்ட பிறகு குழாய் வாயில் புகையும் கருகல் வாசனையும் வரும். இது எப்படி?

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு விடை பாதி தெரியும். வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். மெதுவாக நெருக்கினால் அந்தச் சூடு வெளியே போய்விடும், சட்டென்று நெருக்கினால் போக நேரம் இருக்காது. ஏர் கன்னில் இது ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்று ஒரு கணம் பல நூறு டிகிரிக்குப் போய்விடும். அந்த இடத்தில் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் அவை பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே எரிபொருள் எரிவதும் இதே தத்துவம்தான். அதனால் ஏர் கன் விஷயத்திலும் இதை டீசலிங் என்றே சொல்வார்கள். சூடான எண்ணெய், அரைகுறையாக எரிந்த எண்ணெய், கொஞ்சம் தோல் என்று மூன்றும் கலந்து வரும் அந்த வாசனையைத்தான் பலர் பலூன் கடையின் வாசனையாக மனதில் வைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் விட்ட பிறகு முதல் சில சூடுகளில் லேசாகப் புகை வருவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் வெடிச் சத்தத்தோடு புகை வந்தால் உள்ளே எண்ணெய் அதிகம் என்று அர்த்தம். ஸ்பிரிங்கும் வாஷரும் அடி வாங்கும். வேகம் கூடும் என்று யாராவது மண்ணெண்ணெயோ வேறு இலேசான எண்ணெயோ உள்ளே விடச் சொன்னால் கேட்காதீர்கள். அது ஆபத்து.

சரி, இப்போது தோல். பிஸ்டனின் முகத்தில் காற்று கசியாமல் இருக்க ஒரு வாஷர் உண்டு. புதிய ரைஃபிள்களில் அது பிளாஸ்டிக் வகை. பழையவற்றில் தோல். பம்ப் ஸ்டவ்வின் வாஷரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல; அதே கிண்ண வடிவம்தான், கொஞ்சம் தடிமன் அதிகம். நல்ல நிலையில் இருக்கும் தோல் வாஷர் ஒன்றைக் கையில் எடுத்தால் கறுப்பாகப் பளபளக்கும். ஓரம் மட்டும் தேய்ந்து செம்பழுப்பாக, ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். நகத்தால் அந்த ஓரத்தை அழுத்தினால் எண்ணெய் முத்துப் போலக் கசிந்து, நகத்தை எடுத்ததும் திரும்ப உள்ளே போய்விடும். இதுதான் உயிரோடு இருக்கும் தோல். மோந்தால் செருப்புக் கடையும் புண்ணாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு கனத்த மணம். காய்ந்துபோன வாஷரில் அந்தக் கனம் இருக்காது. புழுதியும் காகிதமும் போல மணக்கும், வளைத்தால் வெடிக்கும். அப்படி இருந்தால் ரைஃபிளில் வலு இருக்காது, ஸ்பிரிங் பிஸ்டனைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுகிற மாதிரி இடிக்கும்.

தோலுக்கு மணம் தருவது பெரும்பாலும் பதனிடும் பட்டையும், பிறகு ஊட்டும் கொழுப்பும். நம் மலையில் சீகை மரம் என்று சொல்கிறோமே, ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்த வாட்டில் மரம், அதன் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்கென்றே போனது. ஊட்டுவதற்கு மேல்நாட்டில் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயைப் பயன்படுத்துவார்கள். இரண்டும் சேர்ந்து முதிரும்போது வருவதுதான் பழைய ஏர் கன்னின் நெஞ்சு வாசனை.

கட்டையின் வாசனை வேறு. அது ஆளி விதை எண்ணெய். இந்த எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதைப் போல இல்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சி, தானே கெட்டியாகி ஒரு தோலாக மாறுகிறது. அந்த வேலை நடக்கும்போது பச்சைப் புல்லும் கொட்டையும் கலந்தது போன்ற ஆல்டிஹைடுகளை வெளியிடும். கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் தேய்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய பங்களாக்களின் ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து நிற்கும் புட்டி என்ற பசையிலும் இதே எண்ணெய்தான் சுண்ணாம்புக் கல் மாவோடு கலந்திருக்கிறது. ஓவியர்களின் எண்ணெய் வண்ணத்திலும் இதுவே.

கடைசியாக, கன்னமும் உள்ளங்கையும் பட்ட இடங்கள். அங்கே நாம் முதலில் பார்த்த தோல் கொழுப்பும் இரும்பும் விளையாடும். விசைக் காப்பும் குழாயின் நடுப்பகுதியும் அதிகம் மணப்பதற்கு இதுவே காரணம். ஈயக் குண்டுக்குச் சொல்லும்படி மணம் இல்லை, ஆனால் விஷம். குண்டைத் தொட்ட கையோடு எதையும் சாப்பிடக் கூடாது. குழந்தைகள் குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பறவையைச் சுடுவது குற்றம். இந்த மலையில் பலூனும் காகித அட்டையும் மட்டும்தான் ஏர் கன்னுக்கு இலக்காக இருக்க வேண்டும்.

குன்னூர் ரயிலடியில்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதன் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலை வடிவமைத்தவை. நான்கு சிலிண்டர் கொண்டவை. இரண்டு, தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களுக்கு. மற்ற இரண்டு, நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் பல் சக்கரங்களுக்கு. கல்லாறிலிருந்து குன்னூர் வரையான ஏற்றத்தில் நான்கும் வேலை செய்யும்.

இந்த இன்ஜின் பக்கத்தில் வரும் வாசனையை எல்லாரும் நிலக்கரிப் புகை என்று சொல்லிவிடுகிறோம். புகை ஒரு பகுதிதான். 2000-க்குப் பிறகு சில இன்ஜின்களை நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும்படி மாற்றினார்கள். ஆனாலும் அவற்றின் பக்கத்தில் போனால் நீராவி இன்ஜின் வாசனை மாறாமல் வருகிறது. அதற்குக் காரணம் சிலிண்டர் ஆயில். சாதாரண எண்ணெயை ஈர நீராவி கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் நீராவிச் சிலிண்டருக்கான எண்ணெயில் விலங்குக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கொழுப்பு சேர்ந்த எண்ணெய் ஈரமான உலோகத்திலும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொழுப்பு சூடாகி நீராவியோடு வெளியே வரும்போது கிட்டத்தட்ட சமையலறை வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். இன்ஜின் ஓரத்தில் நிற்கும்போது ஏனோ பசிப்பது போல இருக்கிறதே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம், காரணம் இதுதான்.

இறங்கும்போது வாசனை வேறாகிவிடும். பெட்டிக்குப் பெட்டி பிரேக்காரர் இருப்பார். பிரேக் கட்டையும் சக்கரமும் உரசிச் சூடாகும் வாசனை, வறண்டு, கொஞ்சம் காரமாக, நாக்கு வரைக்கும் வரும்.

டீ ஃபேக்டரியும் மோட்டாரும்

தேயிலைத் தொழிற்சாலைக்குள் இலை வாசனைதான் முன்னால் நிற்கும். வதங்கும் இலையின் பச்சை மணம், புளிக்கும்போது வரும் பழ மணம், டிரையர் பக்கத்தில் வறுபட்ட மணம். மெஷின் வாசனையைத் தேடினால் அதற்குக் கீழே இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் பல காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்.

“தம்பி, கியர் பாக்ஸை எடுத்த எடுப்பில் பிரிக்காதே. ஆயில் ஊத்துற மூடியை மட்டும் கழற்றி மோந்து பாரு.”

“என்ன தெரியும் அண்ணா?”

“கந்தக வாடை மட்டும் அடிச்சா அப்படியே மூடிடு. கருகின வாடை வந்தா பல்லு தேயுது, பிரி. வாடையே இல்லாம பால் மாதிரி வெள்ளையா இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. முதல்ல சீல் எங்கே போச்சுன்னு பாரு.”

இதற்குமேல் நான் சேர்க்க எதுவும் இல்லை.

மின்சார மெஷின்களின் பழைய வாசனை தனி வகை. மோட்டாரின் கார்பன் பிரஷ் பொறி தட்டும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் ஓசோனாக மாறும். மழைக்கு முன் இடி இடித்ததும் வரும் கூர்மையான வாசனை அது. பழைய சுவிட்ச், ரேடியோ குமிழ் முதலியவற்றைச் செய்த பேக்லைட், 1907-ல் கண்டுபிடித்த பிளாஸ்டிக், சூடானால் மருந்துக்கடை மாதிரி மணக்கும். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து பிறந்தது அது. காயிலின் வார்னிஷும் அதன்மேல் படிந்த தூசும் சூடாவது இன்னொன்று. இவற்றையெல்லாம் ரசிக்கலாம். ஆனால் சுவிட்ச் போர்டு பக்கத்தில் காரணமில்லாமல் மீன் வாடை வந்தால் ரசிக்காமல் மெயினை அணையுங்கள். வயர் உறையோ பிளாஸ்டிக்கோ உருகத் தொடங்கும்போது அப்படி மணப்பதுண்டு.

அப்புறம் மனசு ஏன் இளகுகிறது?

மணத்தைப் பிடிக்கும் வாங்கிகள் மூக்கின் மேற்பகுதியில் இருக்கின்றன. மனிதருக்குச் சுமார் 400 வகை. இந்த வாங்கிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-ல் வெளிப்படுத்தி, 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். மணம் மட்டும் அந்த வாசலில் நிற்காமல், உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட அமிக்டலாவுக்கும் நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகேம்பஸுக்கும் குறுக்கு வழியில் போய்விடுகிறது. அதனால்தான் இது என்ன வாசனை என்று பெயர் சொல்ல வருவதற்கு முன்பே தொண்டை அடைக்கிறது.

இன்னொன்றும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு சொல்லோ படமோ கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்திய பருவத்தைச் சேர்ந்தவை. மணம் கிளப்புபவை அதற்கும் முந்தியவை, பத்து வயதுக்கு உட்பட்டவை. அந்த வயதில் நாம் எதையும் இயக்கியிருக்க மாட்டோம். அப்பா எண்ணெய் விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்போம், தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு ரயிலடியில் நின்றிருப்போம். பழைய மெஷின் வாசனையோடு பெரும்பாலும் ஒரு மனிதரும் சேர்ந்தே வருவது இதனால்தான் என்று நம்புகிறேன். அந்த மெஷினில் அவர் கையின் கொழுப்பும் நிஜமாகவே இருக்கிறது என்பது வேதியியல் சொல்லும் உண்மை.

மலைக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் உண்டு. குளிரில் பொருட்கள் குறைவாக ஆவியாகும், ஆகவே குறைவாக மணக்கும். மார்கழியில் உறைபனி விழுந்த காலை நேரத்தில் ஊட்டியில் வெளியே எதற்குமே பெரிதாக வாசனை இருக்காது. அந்தச் சமயத்தில் அடுப்பு எரியும் அறைக்குள் நுழைந்தாலோ, ஓடிச் சூடான மெஷின் பக்கத்தில் போனாலோ, வெறும் காற்றுக்கு நடுவில் அந்த ஒரு வாசனை மட்டும் தனியாக எழுந்து நிற்கும். சமவெளியில் நூறு வாசனையில் ஒன்றாகப் போயிருக்கக் கூடியது, இங்கே தனித்துப் பதிந்துவிடுகிறது. ஆனால் அந்த அறையிலேயே கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகி, ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஒர்க்‌ஷாப்காரர்களிடம் கேட்டால் இங்கே என்ன வாசனை என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

வாசனையோடு பழுது பார்ப்பது

வீட்டில் இருக்கும் பழைய மெஷினைச் சரிசெய்யும்போது வாசனையும் போய்விடக் கூடாது என்று நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, மரத்தைச் சுரண்டி, பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்தால் அது வேறு பொருளாகிவிடும். என்னால் அதை ஏற்க முடிவதில்லை. ஓடுகிற பாகங்களில் காய்ந்துபோன எண்ணெய் போகத்தான் வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பனியன் வேஸ்டால் துடைத்தால் போதும். மரப் பெட்டி, கட்டை, தோல் பெல்ட், பிடிகள் ஆகியவற்றை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். வாசனையின் பெரும்பகுதி அங்கேதான் தங்கியிருக்கிறது. தோல் வாஷர் காய்ந்திருந்தால் மாற்றுவதற்கு முன் அதற்கேற்ற எண்ணெயில் ஊறவைத்துப் பாருங்கள், பல சமயம் திரும்ப மென்மையாகிவிடும்.

பூசண வாடையைப் பழமையின் வாசனை என்று விட்டுவைக்காதீர்கள். பூஞ்சை மரத்தையும் தோலையும் தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மழைக்காலத்தில் மெஷினை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். குளிர்ந்த இரும்பின்மேல் ஈரக் காற்று பட்டால் வியர்த்து நிற்கும், மறுநாளே துரு பிடிக்கும். நாப்தலீன் உருண்டையைப் பக்கத்தில் போட்டால் பல வருஷத்து வாசனையை ஒரே மாதத்தில் அது விழுங்கிவிடும். அதற்குப் பதில் சிலிக்கா ஜெல் பையும் காற்றோட்டமும் போதும்.

கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியை ஒருபோதும் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் எந்த எண்ணெய், எந்தப் பாகத்தில், என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி மெஷினின் அடியில் ஒட்டிவிடுங்கள். கல்லெண்ணெய் விட்ட இடத்தில் அடுத்தவர் தேங்காய் எண்ணெய் ஊற்றாமல் இருக்க அது உதவும்.